துவைக்காத சேலை

"ஒரே ஒரு வாய்டா... என் தங்கம்லா... அம்மா வேன் ஏறுறதுக்குள்ள ஒரே ஒரு வாய்!"

பருப்புச் சோற்றைக் குழையப் பிசைந்து நீட்டினாள் மாரித்தாய். பதினான்கு மாதத்து ராஜபாண்டியன் உதட்டை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினான். அவள் உடம்பில் கம்பெனிச் சேலை ஏறிவிட்டது என்றால் அம்மா போகப்போகிறாள் என்பது அவனுக்குத் தெரியும். பட்டாசு வேலைக்கென்றே ஒதுக்கி வைத்த பழைய நூல் சேலை அது. எத்தனை அலசினாலும் கந்தக வாடை போகாது.

"விடிஞ்சதுல இருந்து இதே கச்சேரிதானா?" என்று கயிற்றுக் கட்டிலிலிருந்து சத்தம் போட்டான் அவள் புருஷன் வெள்ளைத்துரை. "புள்ளைய சுப்புத்தாய் சித்திகிட்ட குடுத்துட்டுக் கெளம்புளா!"

"சித்தி கையில அவன் பச்சத்தண்ணி கூடக் குடிக்கல! நேத்து நான் வாரவரைக்கும் வெறும் வயிறு... உங்களுக்கென்ன, ஆம்பளை!"

பொய் இல்லை. வேலைக்குத் திரும்பிப் பத்து நாள்தான் ஆகிறது. புதன்கிழமை நர்சம்மா எடை போட்டபோது முள் அரைக் கிலோ இறங்கியிருந்தது. "பெத்தவ எங்க போனா?" என்று அந்த அம்மாள் கேட்ட கேள்வி இன்னும் மாரித்தாயின் நெஞ்சில் நின்றது. இரண்டு பேர் கூலி இல்லாமல் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் அதற்காக இந்தச் சின்ன வயிறா காய வேண்டும்?

கொல்லை வழியாகச் சுப்புத்தாய் வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, பகலெல்லாம் பிள்ளையை வைத்துக்கொள்பவள்.

"ஏளா மாரி, ஒண்ணு கேக்கேன், கோவிக்காத. ராத்திரி நீ உடுத்தியிருந்த சேலை எங்கன கெடக்கு? தொவைக்காததா எடுத்துத் தா."

"எதுக்கு சித்தி?"

"உடுத்திக்கிடத்தான்! ஒன் மூத்தவ ரோஷினிக்கு ஒன் ஓரகத்தி பாண்டிச்செல்வி அப்பிடித்தான சோறு ஊட்டுனா. நானும் அதையே செஞ்சு பாக்கேன்."

மாரித்தாயின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"என்ன சித்தி சொல்லுதீக?"

"ஒனக்குத் தெரியாதாக்கும்? அப்ப நீ வேலைக்குப் போன மொத ரெண்டு நாளும் ரோஷினி பருக்கை தொடல. மூணாம் நாள் கொடியில கெடந்த ஒன் சேலையை உடுத்திக்கிட்டா பாண்டிச்செல்வி. தாய் வாசம்லா... புள்ள வாயத் தொறந்துட்டு! நீ வார நேரத்துக்கு அவுத்துப் பழையபடி போட்டுருவா. 'அடுத்தவ அளுக்குச் சேலைய உடுத்துறியே, கூசலயா?'ன்னேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? 'மாரிகிட்ட மூச்சு விட்டுராதீக சித்தி. புள்ள பட்டினின்னு தெரிஞ்சா அவளுக்கு வேலையில புத்தி நிக்காது. வெடி மருந்துல கை வைக்கிறவ'ன்னா."

மாரித்தாய் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நாள் அவள் கண்முன் வந்தது. நாலரை வருஷத்துக்கு முந்திய சித்திரை மாதம், செவ்வாய்க்கிழமை. மத்தியானமே கோடை இடி முழங்கியது. இடி இடித்தால் மருந்து அறையில் ஒருவரும் இருக்கக்கூடாது. எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நனைந்துகொண்டே நுழைந்தவள் கண்டது, தன்னுடைய கத்திரிப்பூச் சேலையை உடுத்தி உட்கார்ந்திருந்த பாண்டிச்செல்வியை. வெள்ளைத்துரையின் அண்ணன் புகழேந்தியின் பெண்டாட்டி. கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் பிள்ளை இல்லாதவள். மடியில் ரோஷினி. அந்த முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு "அம்மா... அம்மா..." என்றது குழந்தை.

"சேலைய உடுத்திட்டா தாயாயிருவீகளோ! வயித்துல சுமக்காதவளுக்கு அடுத்தவ புள்ள மேல எம்புட்டு ஆசை!" என்று கத்தினாள் மாரித்தாய்.

பாண்டிச்செல்வி குழந்தையை மடியிலிருந்து இறக்கிவிட்டாள். உள்ளே போய்ச் சேலையை மாற்றி, அதை மடித்துக் கொண்டுவந்து வைத்தாள். அந்த வாரமே தெருவின் மறு கோடியில் தனி வீடு பார்த்துப் போய்விட்டார்கள். மழையில் நடந்த அந்தச் சண்டைக்குச் சாட்சி யாருமில்லை. கேட்டவர்களுக்கு இரண்டு பேருமே காரணம் சொல்லவில்லை.

அதற்கு முந்திய நாட்கள்! சாயங்காலம் வேன் வந்து நிற்கும்போது தெருமுனை வேப்பமரத்தடியில் ரோஷினியை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா நிற்பாள். "தொடாத, தொடாத, வெள்ளிப் பொம்மை வருது!" என்று சிரிப்பாள். மாரித்தாயின் முழங்கை வரைக்கும் ஒட்டிய அலுமினியப் பவுடரைத் தேய்க்க வெந்நீர் விளாவி வைத்திருப்பாள். பிறகு ஒரே சட்டியில் சோற்றைப் பிசைந்து, குழந்தைக்கு ஒரு வாய், இவளுக்கு ஒரு வாய்... கை ஓய்ந்து உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஊட்டியும் விட்டிருக்கிறாள். அந்த வாய்தானே அப்படிப் பேசியது!

வேன் முதல் ஹாரன் அடித்தது. மாரித்தாய் எழுந்தாள். ராத்திரி உடுத்திக் கொடியில் போட்டிருந்த கிளிப்பச்சைச் சேலையைச் சுருட்டி அக்குளில் இடுக்கினாள். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் சோற்றுக் கிண்ணம்.

"ஏளா, எங்கன போற?" என்றான் வெள்ளைத்துரை.

"எங்க அக்கா வீட்டுக்கு!"

பள்ளிக்கூட உடுப்போடு ரோஷினி முன்னால் ஓடினாள். "பெரியம்மா! அம்மா வருது... அளுதுகிட்டே வருது!"

வாசல் பெருக்கிக்கொண்டிருந்த பாண்டிச்செல்வி நிமிர்ந்தாள். உடனே குனிந்து, விளக்குமாற்றைப் பார்த்துச் சொன்னாள். "வேன்காரன் ஹாரன் அடிக்கான். சில பேருக்குக் காதுல விளல போலருக்கு."

"அக்கா..."

நாலரை வருஷத்துக்குப் பிறகு அந்த அழைப்பு. விளக்குமாறு கீழே விழுந்தது.

"எனக்கு இப்பத்தான் தெரியும்க்கா... சுப்புத்தாய் சித்தி சொன்னாக. அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா! என் கன்னத்துல ரெண்டு போட்டிருக்கலாம்லா!"

"என்னன்னு சொல்ல? ஒன் புள்ள நீ இல்லாமப் பட்டினி கெடந்துச்சுன்னா? கேட்டுட்டு மறுநா மருந்துக்கு முன்னால நீ எப்பிடி உக்காருவ?" பாண்டிச்செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பொறவு... நீ சொன்னதுல பொய்யும் இல்லையே மாரி. நான் சுமக்கலதான..."

"ஐயோ அக்கா! அந்த நாக்கு அழுகிப் போகாதா!" மாரித்தாய் அவள் காலடியில் சரிந்தாள். "நீங்க சுமந்ததை நான் சுமக்கலக்கா... எம் புள்ள பசியோட எம் பசியையும் சேத்துல்லா சுமந்தீக!"

பாண்டிச்செல்வி அவளைத் தோளைப் பிடித்துத் தூக்கினாள். இடையில் நசுங்கிய ராஜபாண்டியன் வீறிட்டான். இருவரும் அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டார்கள்.

"எலும்பா இருக்கானே!" பாண்டிச்செல்வி அவன் கையைத் தடவிப் பார்த்தாள். பிறகு அந்தப் பச்சைச் சேலையைப் பார்த்தாள். "தொவைச்சதா?"

"இல்லக்கா."

"மூக்கப் பிடிச்சுக்கிட்டுத்தான் உடுத்தணும். கொண்டா!"

உள்ளே போய் உடுத்தி வந்து, பிள்ளையை மடியில் போட்டு, முந்தானையை அவன் கன்னத்தோரம் இழுத்துவிட்டாள். அவன் கம்பெனிச் சேலையில் நிற்கும் தாயைப் பார்த்தான். பச்சைச் சேலையில் மூக்கைத் தேய்த்தான். பாண்டிச்செல்வி நீட்டிய விரல்களை ஒரு கணம் வெறித்துவிட்டு, மெல்ல வாயைத் திறந்தான்.

வேன் மறுபடியும் அலறியது.

"போளா. கண்ணீரும் கம்பலையுமா மருந்துகிட்ட உக்காராத. அண்டாவுல தண்ணி கெடக்கு, மூஞ்சியக் களுவிட்டுப் போ."

அன்று சாயங்காலம் வேன் தெருமுனைக்குத் திரும்பியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள் மாரித்தாய். வேப்பமரத்தடியில், அதே பழைய இடத்தில், கிளிப்பச்சை தெரிந்தது. இடுப்பில் பிள்ளை, கையைப் பிடித்தபடி ரோஷினி.

அக்கா இன்று அந்தச் சேலையை அவிழ்த்துக் கொடியில் போட்டிருக்கவில்லை.