விரலுக்குத் தெரியும் கோடு

என் பட்டப்பெயர் உப்புத்தாள். வைத்தவர் அப்பாதான்; இப்போது பள்ளியிலும் அதே பெயர்தான். வண்டியைத் தேய்த்து வழவழப்பாக்க எங்கள் பட்டறையில் உப்புத்தாள் கட்டுக் கட்டாக இருக்கும். நானும் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் தேய் தேய் என்று தேய்த்து, கேட்டது கிடைக்கும்வரை விடமாட்டேனாம். எனக்கு அதில் வருத்தமே இல்லை. உப்புத்தாள் படாமல் எந்த வண்டி பளபளத்திருக்கிறது, சொல்லுங்கள்!

பட்டறை எங்கள் வீட்டின் முன்பக்கத்தில் இருக்கிறது. வண்டியில் விழுந்த நெளிசலை எடுப்பது அப்பாவின் வேலை. உள்பக்கம் ஓர் இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்து, வெளியே சுத்தியலால் மெல்லத் தட்டுவார். பிறகு மிச்சப் பள்ளத்தை நிரப்பும் பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடிப்பார். எங்கே இடி வாங்கினோம் என்பது அந்த வண்டிக்கே மறந்துபோகும்.

பெயின்ட் காய்ந்ததும் அதன் மேல் கோடு போடுவது அம்மாவின் வேலை. முன் விளக்கிலிருந்து பின் விளக்குவரை பென்சில் முனை அளவுக்கு ஒரு கோடு, ஒரே இழுப்பு. ஸ்கேல் எல்லாம் கிடையாது. அம்மாவின் பிரஷ் வண்டியில் பட்டுவிட்டால் பட்டறையில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கோடு முடியும்வரை அம்மா மூச்சுகூட விடமாட்டார்.

சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் பழைய கார் பானெட் என்னுடையது. நான் கோடு போட்டுப் பார்ப்பது அதில்தான். என் கோடும் நேராகத்தான் போகும். என்ன, எனக்குக் கொஞ்சம் பொறுமை குறைவு. பெயின்ட்டை நிறையத் தொட்டுவிடுவேன். அழகாக்குகிறேன் பேர்வழி என்று அதே கோட்டின் மேல் இன்னும் இரண்டு முறை இழுப்பேன்.

அம்மா அதை விரலால் தடவிப் பார்ப்பார்.

"பார், விரல்ல தட்டுது. கோடு கண்ணுக்குத் தெரியணும். விரலுக்குத் தெரியக் கூடாது."

"விரலால யாரும்மா கோட்டைப் பார்க்கப் போறாங்க?"

"நான் பார்ப்பேன்."



அந்தச் சனிக்கிழமை காலையில் பள்ளி வேன் ஓட்டும் மாமா வந்தார். அவருடைய வெள்ளை வேன் ஒரு கேட்டில் மோதி, பின்பக்கம் நசுங்கி, ஒரு வாரமாக எங்கள் பட்டறையில்தான் இருந்தது. மாமாவோடு அவர் மகள் பட்டுவும் வந்திருந்தாள். என் பள்ளிதான், பக்கத்து வகுப்பு. பட்டுவுக்குக் கண் தெரியாது. கையில் வெள்ளைக் குச்சி வைத்திருப்பாள். வகுப்பிலிருந்து வேன்வரை தனியாகவே நடப்பாள். யாராவது கையைப் பிடிக்க வந்தால், "தேங்க்ஸ், நானே போய்க்குவேன்" என்று சிரித்துக்கொண்டே கையை எடுத்துக்கொள்வாள்.

"வாங்க வாங்க! வண்டி ரெடி. கோடு மட்டும்தான் பாக்கி" என்றார் அப்பா.

மாமா வேனைச் சுற்றிச் சுற்றி வந்தார். "அடேயப்பா! என் வண்டிதானா இது?"

பட்டுவும் வேனின் மேல் கையை ஓட்டினாள். கதவின் கைப்பிடிக்கு வந்ததும் அதற்குக் கீழே தடவினாள். மறுபடியும் தடவினாள்.

"அப்பா, இது நம்ம வேன் இல்ல."

"நம்ம வேன்தாம்மா. புதுசு மாதிரி ஆயிடுச்சு."

"கைப்பிடிக்குக் கீழ ஒரு பள்ளம் இருந்துச்சே?"

என் அப்பாவுக்கு முகமெல்லாம் பல். "எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒண்ணு, அதுதானே? அதையும் எடுத்துட்டேன் பாப்பா! உங்க அப்பா சொல்லவே இல்ல. என் கண்ணுல பட்டுச்சு, மனசு கேட்கல."

 பட்டு கையை அங்கிருந்து எடுக்கவில்லை.

"என்ன பட்டு?" என்று மாமா குனிந்து கேட்டார்.

"ஸ்கூல் வாசல்ல நாலு வேன் நிக்கும்ப்பா. தினமும் வேற வேற வரிசையில நிக்கும். அந்தப் பள்ளத்தைத் தொட்டுத்தான் எது நம்ம வேன்னு கண்டுபிடிப்பேன்."

மாமா நிமிர்ந்தார். "என்கிட்ட சொன்னதே இல்லையே!"

"நீங்க கேட்டதே இல்லையே."

இப்போது நெளிசல் விழுந்தது என் அப்பாவின் முகத்தில்தான். "மறுபடியும் ஒரு பள்ளம் போட்டுடவா?" என்று சுத்தியலை எடுத்தார். "எத்தனை வருஷமா பள்ளத்தை எடுக்கிறேன். போடுறதுக்கு எவ்வளவு நேரமாகும்?"

"ஐயையோ, பெயின்ட் பிளந்துடும். துரு பிடிச்சுடும்" என்று அம்மா சுத்தியலை வாங்கி வைத்தார்.

"கைப்பிடியில ஒரு ரிப்பன் கட்டிடலாமே?" என்றார் மாமா.

"பள்ளம் விழறதுக்கு முன்னாடி நானே ஒண்ணு கட்டினேன். அன்னிக்கே யாரோ அவிழ்த்துட்டாங்க" என்றாள் பட்டு. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பரவாயில்ல. யார் கையையாவது பிடிச்சுக்கிட்டு வந்துடறேன்."

அதை அவள் சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.  நான் போய் என் பானெட் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

கண் தெரியாமல் ஒரு வேனைக் கண்டுபிடிப்பது எப்படி இருக்கும்? கண்ணை மூடிக்கொண்டு பானெட்டைத் தடவினேன். அம்மா எனக்காகப் போட்டுக் காட்டிய கோடு ஒன்று அதில் உண்டு. விரல் அதன் மேல் போனதா இல்லையா என்றே தெரியவில்லை. ஒரே வழவழ. இன்னும் கொஞ்சம் கீழே போனேன்.

தட்டியது.

என் கோடு!

"பட்டு! இங்க வா! இதைத் தொட்டுப் பாரு!"

பட்டு வந்து தடவினாள். "இங்க ஒரு கோடு இருக்கு. இதோ இன்னொண்ணு. இது என்ன, புழுவா?"

"அதுவும் கோடுதான்" என்றேன் கொஞ்சம் ரோஷமாக.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பட்டுதான் ரொம்பச் சிரித்தாள்.

"கைப்பிடிக்குக் கீழ மூணு சின்னக் கோடு. விரல்ல தட்டுற மாதிரி. சரியா?" என்றேன். பட்டு வேகமாகத் தலையாட்டினாள்.

அம்மா பிரஷை எடுத்து, முதலில் பானெட்டில் போட்டுப் பார்த்தார். மெலிசாக வந்தது. பெயின்ட்டை அதிகம் தொட்டுப் போட்டார். அப்போதும் மெலிசுதான்.

"இந்தக் கைக்குத் தடிமனாப் போட வராது போலிருக்கே!" என்று சிரித்தவர், பிரஷை என்னிடம் நீட்டினார். "நீ போடு."

நிஜ வண்டியில்! நானா?

பிரஷை வாங்கிக்கொண்டு வேனின் பக்கத்தில் போய் நின்றேன். பேச்சு நின்றது. மாமா கையைக் கட்டிக்கொண்டார். "இப்ப யாரும் பேசக் கூடாது. மூச்சும் விடக் கூடாது" என்று பட்டுவிடம் ரகசியமாகச் சொன்னேன். அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று கோடுகளும் நேராக வந்தன.

ஒரு பூச்சு போதாது. சாயங்காலம் காய்ந்ததும் அதன் மேலேயே இரண்டாவது பூச்சு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்றாவது. அதற்குள் அம்மா வேனின் இரண்டு பக்கமும் நீலக் கோடு போட்டு முடித்துவிட்டார்.

கடைசிப் பூச்சின்போதுதான் அது நடந்தது. மூன்றாவது கோட்டின் பாதியில் மூச்சு முட்டி, புஸ்ஸென்று விட்டுவிட்டேன். பிரஷ் ஒரு துள்ளு துள்ளியது. கோட்டின் நடுவே எள்ளளவுக்கு ஒரு மேடு. துடைக்கலாம் என்றால், கீழே இருக்கும் இரண்டு பூச்சும் சேர்ந்து வந்துவிடுமோ என்று பயம். யாரிடமும் சொல்லாமல் பிரஷைக் கழுவப் போய்விட்டேன். அன்று இரவு சாப்பாடு எனக்குச் சரியாக இறங்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் வாசலுக்கு ஓடினேன். நாலு வேன்களும் வரிசையாக நின்றன. பட்டுவின் வேன் அன்று மூன்றாவதாக நின்றது. மாமா ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கவில்லை. இறங்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

பட்டு குச்சியைத் தட்டிக்கொண்டு வந்தாள். முதல் வேனின் கைப்பிடிக்குக் கீழே தொட்டாள். நகர்ந்தாள். இரண்டாவதையும் தொட்டு நகர்ந்தாள். மூன்றாவது வேனில் அவள் விரல் நின்றது. முதல் கோடு. இரண்டாவது கோடு. மூன்றாவது கோட்டின் நடுவில் போய், திரும்பி வந்து, மறுபடியும் போனது.

 பக்கத்தில் போனேன்.

"உப்புத்தாளா?" என்றாள் பட்டு, என் செருப்புச் சத்தத்தை வைத்தே. "இந்த இடத்துல மூச்சு விட்டுட்டியா?"

"ஆமா" என்றேன்.  "இன்னிக்கே அழிச்சுட்டு நேராப் போட்டுத் தர்றேன்."

பட்டு சட்டென்று உள்ளங்கையால் அந்த இடத்தை மூடிக்கொண்டாள்.

"தொடாதே! எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சிருக்கு."

கதவைத் திறந்து, ஒரு காலை மேலே வைத்தவள், என் பக்கம் திரும்பினாள்.

"உங்க அப்பா கண்ணுல மட்டும் காட்டிடாதே. மனசு கேட்காம எடுத்துடுவார்!"