படத்துக்குள் நடந்த மேகம்

அந்தச் சிறுமியை வீட்டில் எல்லாரும் 'மேகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டப்பெயரை வைத்தது அவளுடைய மாமா. சாப்பிட உட்கார்ந்தால் கை தட்டில் இருக்கும், மனசு எங்கேயோ மிதந்துகொண்டிருக்கும்.

"மேகம், கொஞ்சம் கீழ இறங்கி வா. சாப்பாடு ஆறுது" என்பார் அம்மா.

மாமா கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஒருவர் எதிரில் இருந்தால் நாள் முழுக்கப் பேசுவார். பத்துப் பேர் சேர்ந்து பார்த்தால் போதும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவரைப் பிடித்து, ஊர் வரலாற்றுச் சங்கத்தில் பேச வரச் சொல்லிவிட்டார்கள். 'அந்தக் காலத்தில் நம் கடைத்தெரு' என்று தலைப்பும் கொடுத்துவிட்டார்கள்.

"இன்னிக்குச் சொதப்பினேன்னா, அக்கா, இனிமே கடையை விட்டு வெளியவே வரமாட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பேச்சு எழுதிய காகிதத்தை அவர் நாலாவது தடவையாக மடித்துப் பிரித்ததை மேகம் பார்த்துவிட்டாள்.

சங்கம் நூலக மாடியில் கூடியது. மேகமும் அம்மாவும் கூடப் போயிருந்தார்கள். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்தார்கள். பழைய புரொஜெக்டர் மெல்ல முனகியது. அதில் படம் பதிந்த கண்ணாடித் தகட்டைத் தலைகீழாகச் செருகினால்தான் சுவரில் படம் நேராக விழும். மாமா மறக்காமல் தலைகீழாகவே செருகினார்.

சுவர் முழுக்க ஒரு தெரு விரிந்தது.

பனி மூடிய விடியற்காலை. பூட்டிய கடைகள். பலகைகளில் எழுத்துகூடத் தெரியவில்லை. ஒளியில் தூசி மிதப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்த மேகம், எப்போது படத்துக்குள் போனாள் என்று அவளுக்கே தெரியாது. காலடியில் ஈரக் கல்பாதை. பேக்கரிக் கதவிடுக்கில் சூடான ரொட்டி வாசனை. அட, தினமும் பள்ளிக்கூடம் போகிற வழிதானே இது! அவள் பாட்டுக்கு நடந்தாள்.

"இடது பக்கம் இருக்கிற மணிக்கூண்டைப் பாருங்க" என்றார் மாமா.

எல்லாரும் பார்த்தார்கள். இடது பக்கம் பேக்கரி இருந்தது. மணிக்கூண்டு வலது பக்கம் நின்றது.

"என்ன தம்பி, மணிக்கூண்டு ராத்திரியோட ராத்திரியா தெருவைத் தாண்டிப் போயிருச்சா?"

கேட்டவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். எந்தப் பேச்சிலும் குறுக்கே ஒரு கேள்வி போடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

மாமா கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "போன வாரம் பாத்தப்போ... சரியாத்தான்..." குரல் உள்ளே போய்விட்டது. காகிதத்தை மடிக்கத் தொடங்கினார்.

மேகமும் படத்துக்குள் வழி தவறித்தான் நின்றிருந்தாள். மணிக்கூண்டுக்குப் போகப் பழக்கப்படி இடது பக்கம் திரும்பினால் பேக்கரிச் சுவரில் முட்டிக்கொள்கிறாள். கால் தப்பா, தெரு தப்பா?

காலையில் கண்ணாடி முன்னால் தலை வாரியது நினைவுக்கு வந்தது. கண்ணாடியில் வகிடு பக்கம் மாறித் தெரியுமே!

புரிந்துவிட்டது. ஆனால் 'தப்பாப் போட்டுட்டீங்க' என்று கத்தினால் இன்னொரு சிரிப்பு கிளம்பும். மாமா அதைத் தாங்க மாட்டார்.

"மாமா, நான் அந்தத் தெருவுல நடந்து பாக்கவா?" என்று எழுந்தாள்.

சுவர் அருகே போய் நின்றாள். அவள் நிழல் பனிக்குள் விழுந்தது.

"நான் பள்ளிக்கூடம் கிளம்பிட்டேன். தினமும் மணிக்கூண்டு இந்தக் கைப்பக்கம் வரும்." இடது கையைத் தூக்கினாள். நிழலும் தூக்கியது. "இங்க அந்தக் கைப்பக்கம் வருது. கண்ணாடியில வகிடு பாக்கிற மாதிரி இருக்கு மாமா."

இருட்டில் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கி, தங்கள் வீட்டுக்கு வழி பார்த்தார்கள்.

"ஐயையோ, இப்படிப் போனா நான் ஆத்துக்குள்ள இல்ல விழுவேன்!" என்றார் ஆஸ்பத்திரி நர்ஸ்.

மாமா நெற்றியில் தட்டிக்கொண்டார். "தலைகீழா வைக்க ஞாபகம் இருந்துச்சு, முன்பக்கம் பின்பக்கம் பாக்க மறந்துட்டேன்! ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு விடுற நானே, கண்ணாடியைத் திருப்பிப் போட்டிருக்கேன்!"

மறுபடியும் சிரிப்பு கிளம்பியது. இந்தத் தடவை அதிகம் சிரித்தவர் மாமாதான். தகட்டைத் திருப்பிப் போட்டார். மணிக்கூண்டு தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது. காகிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, எதிரில் ஒரே ஒருவர் இருப்பதுபோலப் பேச ஆரம்பித்தார்.

பேச்சு முடிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்தார். எல்லாருக்கும் பக்கென்றது.

"தம்பி, விளக்கைப் போட்டுடாதீங்க. நானும் ஒரு நடை போயிட்டு வரேனே?"

அவர் நிழல் பனிக்குள் நடந்தது. பின்னால் நர்ஸ், அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது.

வீடு திரும்பும்போது மேகம் எங்கேயோ பார்த்துக்கொண்டு நடந்தாள். அம்மா வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"விடு அக்கா. மெதுவா இறங்கி வரட்டும்."

திரும்பும் வழி என்பதால், மணிக்கூண்டு சரியாக அவர்களின் வலது கைப்பக்கம் வந்தது.