வெறுங்கயிறு

கொடியில் ஒரு துணியும் இல்லை. ஆனாலும் கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மகா முதலில் தூறலோ என்று அண்ணாந்து பார்த்தாள். அந்தி மேகம் கறுத்துக் கிடந்ததே தவிர ஒரு துளி விழவில்லை. ஜூ டவுன் மசாலாக் கிட்டங்கிகளிலிருந்து வரும் சுக்கு வாசம்கூட வழக்கம்போல உலர்ந்துதான் இருந்தது. சலவைக் களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வரிசை வரிசையாகக் கட்டியிருந்த கயிறுகள் மட்டும், ஏதோ பாரத்தைச் சுமப்பவைபோலத் தொய்ந்து, சொட்டுச் சொட்டாக மண்ணை நனைத்துக்கொண்டிருந்தன.

இங்கே யாரும் கிளிப் போடுவதில்லை. இரண்டு புரியாக முறுக்கிய கயிறு. புரியை விரலால் விலக்கி ஈரத் துணியின் முனையைச் செருகிவிட்டால், எவ்வளவு காற்றடித்தாலும் விடாது. அந்திக்குமேல் அந்தக் கயிறு வெறுமனே கிடக்கக் கூடாது. கயிற்றுக்கு ஒரு ஈரத் துண்டாவது செருகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். ஏன் என்று கேட்டால் திட்டுதான் விழும்.

இன்று மதியம் அந்தத் துண்டுகளையும் உருவிப் போட்டவன் அவள் புருஷன் சங்கிலிப்பாண்டி. நாளை அதிகாரிகள் நிலத்தைப் பார்க்க வருகிறார்கள். சலவை நடக்காத வெற்று நிலம் என்று அவர்கள் எழுதிவிட்டால் குடியிருப்பு நிலமாகத் தரம் மாறும். பில்டர் மாடி மேல் மாடி எழுப்புவான். சலவைக்காரர் சங்கத்துக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாட். மகாவுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. கடல் ஏறும் நாளெல்லாம் கட்டில் கால்வரை உப்புத் தண்ணீர் வரும் வீட்டில், அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு இன்னும் எத்தனை வருஷம் நிற்பது? ஆனால் அவள் அண்ணன் சுடலைமணி, களம் போனால் சோறு போச்சு என்று மல்லுக்கு நின்றான். இப்போது களத்தை ஒட்டிய சங்கக் கட்டடத்துக்குள் கூட்டம். புருஷனும் அண்ணனும் முழுசாக வெளியே வந்தால் போதும் என்றுதான் அவள் வெளியே காவல் நின்றாள்.

“ஹோட்டல்காரன் பெட்ஷீட்டையே அலக்கிட்டுக் கெடக்கணுமா மச்சான்? எம் புள்ளைகளும் அலக்கணுமா?” புருஷன் குரல்.

“பிளாட்டுக்குள்ள கெடந்து என்னத்தத் திம்ப மாப்ளே? செவரையா?” அண்ணன் குரல். “சரி, அது போட்டும். அந்தி ஆயாச்சு. கயித்துல துண்டப் போய்ச் செருகுங்கடா.”

“துண்டும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது!”

நாற்காலி விழும் சத்தம் கேட்டது. மகா நைட்டிமேல் போட்டிருந்த துண்டை எடுத்துக்கொண்டு களத்துக்குள் நடந்தாள். எப்போதும் சலவைச் சோடாவும் கஞ்சியும் மணக்கிற இடம்; இன்று அதற்கு அடியில் வேறொரு வாடை, மீன் கழுவிய தண்ணீரை மறுநாள் முகர்ந்ததுபோல. காற்றே இல்லை. ஆனால் கயிறு முனகியது. கிட்டப் போய்ப் பார்த்தாள். இரண்டு புரியும் தாமாகவே முறுக்கேறிக்கொண்டிருந்தன.

துண்டின் முனையைச் செருகப் பார்த்தாள். காய்ந்த துண்டு. புரி விலகவில்லை. நகத்தால் நெம்பினாள். நகம் ஒடிந்து ஒரு பொட்டு ரத்தம் வந்தது.

அது பட்ட இடத்தில் புரி திறந்தது. விரல் நுனியைக் கவ்வியது.

அலறிக்கொண்டு பிடுங்கினாள். தோல் உரிந்து கயிற்றில் நின்றது. மெதுவாக உள்ளே போனது.

ஈரம் வேண்டும் அதற்கு. தொட்டிகளையெல்லாம் அதிகாரிகளுக்காக வடித்துக் காயவைத்திருந்தார்கள். தெருக்குழாயில் துண்டை நனைத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று திரும்பி ஓடினாள்.

அதற்குள் சங்கக் கதவு உடைந்தது. சுடலைமணி மல்லாக்க வந்து விழுந்தான். பின்னாலேயே சங்கிலிப்பாண்டி, கையில் தேய்ப்புப் பெட்டி. நெருப்புக் கரி சிதறியது. இரும்பு இறங்கியது. கல்லில் ஈரத் துணியை அறைகிற சத்தம்தான், தினமும் கேட்கிற அதே சத்தம், அண்ணன் நெற்றியிலிருந்து வந்தது.

உள்ளிருந்து மற்றவர்களும் கம்போடும் நாற்காலிக் காலோடும் வந்து விழுந்தார்கள். மூக்கு உடைந்தவன், வாய் கிழிந்தவன், யார் எந்தக் கட்சி என்று தெரியவில்லை. “களத்துக்குள்ள வராதீக!” என்று மகா கத்தினாள். யார் கேட்டார்கள்?

சுடலைமணி எழுந்தான். தள்ளாடினான். விழாமலிருக்கக் கயிற்றைப் பிடித்தான்.

கயிறு அவனைப் பிடித்தது.

முதலில் விரல். பிறகு முடி. நெற்றியில் பிளந்த தோல். தொய்ந்து கிடந்த கயிறு விறைத்து மேலேறியது. அவன் கால் தரையை விட்டது.

“மச்சான்!” சங்கிலிப்பாண்டி பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான். இடுப்பைக் கட்டி இழுத்தான். கையெல்லாம் மச்சான் ரத்தம். அடுத்த கயிறு அந்தக் கையை வாங்கிக்கொண்டது.

எலும்பு ஒடிந்தது. மறுபடி ஒடிந்தது.

மற்றவர்கள் பாய்ந்து வந்தார்கள். எல்லோரும் ரத்தத்தில் நனைந்திருந்தார்கள். ஒருவனை இழுக்கப் போனவன் மாட்டினான். அவனை இழுக்கப் போனவனும் மாட்டினான். பிளாட் வேண்டும் என்றவன். வேண்டாம் என்றவன். தோளோடு தோள்.

மகா புருஷன் காலைக் கட்டிக்கொண்டாள்.

“விடுடி... மகா... போயிரு...”

விடவில்லை. எப்படி விடுவாள்? அவன் முழங்கையில் ஏதோ கிழிந்தது. வெதுவெதுப்பாக அவள் தலையில் கொட்டியது. நெற்றியில். கண்ணில். அவன் கால் உதறி ஓய்ந்தது.

அப்புறம் சத்தம் இல்லை. சொட்டுவது மட்டும்.

நாளை அதிகாரிகள் வருவார்கள். களம் நிறைய, வரிசை வரிசையாக, காற்றில் மெல்ல ஆடிக்கொண்டு, எல்லாம் செருகியிருக்கும்.

ஒரு கயிறு மட்டும் இன்னும் வெறுமனே கிடந்தது. அவள் முகத்துக்கு நேரே. மகா நெற்றியில் வழிந்ததைத் துடைத்தாள். துடைத்த கையும் நனைந்தது.

புரிகள் இரண்டும் மெதுவாக விலகின.