நனைந்த கோட்டில் நான்கு நிமிடம்

"கதவை மூடுங்க!"

கிருபாலி போட்ட சத்தத்தில், வாசலில் நின்றவனின் கையிலிருந்த குடை நழுவிக் கீழே விழுந்தது.

ஆனால் காரியம் கெட்டுவிட்டது... கதவு திறந்த அந்த ஒரு நொடியில் ஆடி மழைக்காற்று உள்ளே புகுந்துவிட்டது. பீங்கான் தகட்டின் மேல், வரப்பு மாதிரி நீளமாகக் கொட்டி வைத்திருந்த மஞ்சள் தூளில் நிதானமாக ஊர்ந்துகொண்டிருந்த நெருப்பு, ஒரே ஓட்டமாக ஓடி முடித்தது. அவள் ஸ்டாப்வாட்சை அமுக்கினாள். முப்பத்தோரு விநாடி. குப்பையில் போட வேண்டிய கணக்கு!

"வெளிய சிவப்பு லைட் எரியுதே, கண்ணு தெரியலையா?"

"தெரிஞ்சுது... கரண்ட் இருக்குன்னு நினைச்சேன்."

சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, இமையில் ஒரு துளி தொங்க நின்றான் அவன். திட்டு வாங்கும்போதுகூடச் சிரிக்கிற கண்கள்... இப்படி ஒரு கண்ணை வைத்துக்கொண்டு சோதனைக்கூடத்துக்கு ஏன் வர வேண்டும்?

"யார் நீங்க? என்ன வேணும்?"

"சௌமில். ஜகடியாவிலேருந்து வரேன். பிளாஸ்டிக்ல கலக்குற மஞ்சள் தூள் குடுத்திருந்தோம்... ரிப்போர்ட் ஆச்சான்னு கேக்கலாம்னு..."

அவள் தகட்டைக் காட்டினாள். "இப்ப ஊதி விட்டீங்களே, அதான் உங்க தூள்."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

ரசாயனத் தொழில் நகரமான அங்கலேஷ்வரில் இந்த ஒரு சோதனையில்தான் எத்தனை கம்பெனிகளின் தலையெழுத்து! தூளை அச்சில் நிரப்பி, தட்டி, தகட்டில் கவிழ்த்து, ஒரு முனையில் தீ வைப்பார்கள். பத்து செண்டிமீட்டரை நெருப்பு நாற்பத்தைந்து விநாடிக்குள் கடந்துவிட்டால் அது எளிதில் தீப்பிடிக்கிற சரக்கு. மூட்டைக்கு மூட்டை நெருப்புப் படம் ஒட்ட வேண்டும், கப்பலில் தனி இடம் கேட்க வேண்டும். கடக்காவிட்டால் கோதுமை மாவு மாதிரி ஏற்றி அனுப்பலாம்.

"இது கணக்கு இல்ல. திரும்ப ஆறு தடவை எரிக்கணும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பாருங்க. கதவுல கை வச்சீங்க, அவ்வளவுதான்!"

அவன் நின்றான். ஒவ்வொரு முறை அவள் தீ வைக்கும்போதும் அந்தப் பக்கம் கை கூப்பினான். ஐம்பத்திரண்டு... ஐம்பது... ஐம்பத்து மூன்று... ஆறு தடவையும் நாற்பத்தைந்தைத் தாண்டியது. ஆறாவதில் அவன் துள்ளிக் குதித்ததை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பான். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, தன் கன்னம் ஏன் சூடாகிறது என்று பர்னரை அணைத்துப் பார்த்தாள்... பர்னர் ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

மறுநாள் மதியம் ரிப்போர்ட் வாங்க வந்தவன் கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. உள்ளே நெய் மணக்கும் சுக்கடி, கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்த இனிப்பு.

"எடுத்துக்கோங்க கிருபாலிபென்."

"பென்!" ஊரில் ஆண்களுக்கு 'பாய்' மாதிரி எல்லாப் பெண்களுக்கும் ஒட்டுகிற வால்தான். அக்கா தங்கை என்று அர்த்தம். இன்றைக்கு மட்டும் ஏனோ அது முள்ளாகக் குத்தியது. "என்ன விசேஷம்?"

"எங்களுக்கு முதல் வெளிநாட்டு ஆர்டர் இது. துருக்கிக்கு. அப்பா போனதுக்கப்புறம் பதினோரு வருஷமா எங்கம்மா ஒத்தையா கட்டிக் காத்த பட்டறை. இந்த ஆர்டர் கைக்கு வந்தாத்தான் பட்டறை நிக்கும்." அவன் டப்பாவை நீட்ட, அவள் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். "கோடியார் மாதாவுக்குப் படைச்ச சுக்கடி இது. எந்தச் சரக்கு தயாரானாலும் முதல் மூட்டையை மாதா முன்னாடி பிரிச்சு வச்சு, கலசத் தண்ணி தெளிச்சு, குங்குமம் வச்சுக் கும்பிடுவோம். சரக்கு கிளம்புற வரைக்கும் மூட மாட்டோம். சாம்பிளும் அதுலேருந்துதான் எடுப்போம்... ராசியான மூட்டை!"

கிருபாலியின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

"எத்தனை நாள் திறந்திருந்துச்சு?"

"பத்து நாள் இருக்கும். ஏன்?"

பத்து நாள்... இந்த மழையில்... தண்ணீர் வேறு தெளித்து! அவள் சோதித்தது தூளை அல்ல, ஈரத்தை. கட்டி மூடிய மற்ற மூட்டைகள் காய்ந்து கிடக்கும். அவை இப்படி நிதானமாக எரியாது. அவற்றில் நெருப்பு ஓடும்.

கையிலிருந்த ரிப்போர்ட்டில் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. போட்டுவிடலாம். கண்ணாடி அறைக்குள்ளிருந்து தலைமை அதிகாரி பத்ரேஷ்பாயே சொன்னார், "வந்ததைச் சோதிச்சோம், வந்ததுக்கு எழுதுறோம். நமக்கென்னம்மா?" எதிரே அந்தக் கண்கள் ஆசையாகக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. கடவுளே, இந்தக் கண்களிடமா சொல்ல வேண்டும்...

"என்னால கையெழுத்துப் போட முடியாது. மூடின மூட்டை ஒண்ணு கொண்டாங்க."

"என்ன? நேத்து ஆறு தடவை பாஸாச்சே!"

"நனைஞ்ச தூள் பாஸாச்சு. கப்பல்ல போறது காஞ்ச தூள். பக்கத்துல சூடா ஏதாவது இருந்து பத்திக்கிச்சுன்னா? மூட்டை தூக்குறவனுக்கு உங்க ராசி தெரியுமா?"

"எங்கம்மாவோட பக்தியிலயே குத்தம் கண்டுபிடிக்கிறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலை..."

"அப்படித்தான் சொல்றீங்க! போய் அவங்க முகத்தைப் பார்த்து நான் என்னன்னு சொல்வேன்? மாதா ஏமாத்திட்டான்னா?"

கொட்டுகிற மழையில் விடுவிடுவென்று போய்விட்டான். டப்பா மேசை மேலேயே இருந்தது.

ஒரு நாள்... இரண்டு நாள்... ஐந்து நாள். அந்தப் பிடிவாதக்காரன் வரவில்லை. போனால் போகட்டும் என்றாள். நான் செய்தது சரிதானே என்றாள். அப்புறம் வாசலில் பைக் சத்தம் கேட்டாலே எதற்கு எட்டிப் பார்த்தாள்? வேறு லேபுக்குப் போயிருப்பானோ, அங்கே எவனாவது கண்ணை மூடிக்கொண்டு எழுதித் தந்திருப்பானோ... நினைக்க நினைக்க நெஞ்சு வலித்தது. அவன் போனதைவிட, அப்படிப்பட்டவனாக இருந்துவிடுவானோ என்பதுதான் வலித்தது.

ஆறாம் நாள் வந்தான். தோளில் தையல் பிரிக்காத மூட்டை. முகத்தில் ஐந்து நாள் தாடி.

"அம்மாகிட்ட சொல்றதுக்கே நாலு நாள் ஆச்சு," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "அழுவாங்கன்னு நினைச்சேன். 'மாதா பேரைச் சொல்லிப் பொய்க் காகிதம் வாங்கினா அவளுக்கே பொறுக்காதுடா, முதல்ல இதைத் தூக்கிட்டுப் போ'ன்னு விரட்டிட்டாங்க. அந்தப் பொண்ணு யாருடான்னு வேற கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"திட்டுற பொண்ணுன்னேன்."

சரக்குக்காரர் கூட நின்று பார்க்க விதி உண்டு. அவனுக்கும் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்து உள்ளே நிறுத்தினாள். மேலே கேமரா ஓடியது. ஒவ்வொரு எரிப்பும் பதிவாக வேண்டும், பத்ரேஷ்பாய் பார்த்த பிறகுதான் முத்திரை.

தீ வைத்தாள். தூள் காய்ந்திருந்தது. நெருப்பு ஓடிற்று. முப்பத்தெட்டு விநாடி.

அவன் சுவரில் சாய்ந்துவிட்டான். "அவ்வளவுதானா?"

"இன்னும் ஒண்ணு இருக்கு. தூளுக்குக் குறுக்கே ஒரு கோடு நனைச்சு விடுவேன். நெருப்பு அந்த ஈரத்தைத் தாண்டாம நாலு நிமிஷம் நின்னா ஆபத்து குறைஞ்ச கீழ் வகுப்பு. தாண்டிட்டா மேல் வகுப்பு. உங்க துருக்கிக்காரர் எதை எடுப்பார்?"

"கீழ் வகுப்புன்னா எடுப்பாங்க, படம் ஒட்டினாப் போதும். மேல் வகுப்புன்னா அவங்க கிடங்குல வைக்க அனுமதியே இல்ல. ஆர்டர் போச்சு... பட்டறையும் போச்சு."

புது வரப்பு கவிழ்த்தாள். சொட்டுச் சொட்டாக நனைத்தாள். ஒவ்வொரு சொட்டையும் எண்ணினாள். தீ வைத்தாள். நெருப்பு விறுவிறுவென்று வந்தது... ஈரக் கோட்டைத் தொட்டது... நின்றது. கடிகாரத்தைத் தட்டினாள்.

"கிருபாலி..."

பென் எங்கே போயிற்று?

"பேசாதீங்க. மூச்சுக்காத்து பட்டுடும்."

"சரி, அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்." திரும்பினான். சுவரைப் பார்த்துப் பேசினான். "இந்த நாலு நிமிஷம் உங்களால எழுந்து போக முடியாது. அதான் இப்பவே சொல்லிடுறேன். அன்னிக்கு நீங்க கையெழுத்துப் போட்டிருந்தா, வாங்கிட்டுப் போய் உங்களை மறந்திருப்பேன். போட மாட்டேன்னீங்க... அஞ்சு நாளாத் தூக்கம் இல்ல. முதல்ல கோவத்துல. அப்புறம் கோவம் இல்ல, ஆனாலும் தூக்கம் வரலை. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இது நின்னாலும் பிடிக்கும், தாண்டினாலும் பிடிக்கும்."

கண்ணை எடுக்க முடியாது. அவளுக்குக் கண் கலங்கியது, துடைக்கவும் முடியாது. ஈரத்தின் விளிம்பில் குட்டி நாக்காக நெருப்பு துழாவிக்கொண்டிருந்தது. வெளியே மழை தகரக்கூரையில் கொட்டியது.

"கேமரா ஓடுது, சௌமில்பாய்."

"ஐயோ! சத்தமும் பதிவாகுமா?"

"எல்லாமே."

சுவரைப் பார்த்தபடியே, "பரவால்ல. சொன்னது சொன்னதுதான்," என்றான்.

மூன்று நிமிடம்... மூன்றரை... சோதிக்கிறவள் எந்தப் பக்கமும் வேண்டிக்கொள்ளக் கூடாது. அவள் வேண்டிக்கொண்டாள். மாதாவே, நில்லு என்று சொல்லு... நெருப்பு ஒரு தரம் நிமிர்ந்தது. சுருங்கியது. சிவப்பாகக் கண் சிமிட்டிவிட்டு அணைந்தது. அப்போதும் அவள் அசையவில்லை. கடிகாரம் நான்கைத் தொடும் வரை ஈரத்துக்கு அந்தப் பக்கத்துத் தூளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு நிமிஷம். தாண்டலை. கீழ் வகுப்பு," என்றாள் பதிவுக்காக, நிதானமான குரலில். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு கேமராவை நிமிர்ந்து பார்த்தாள்.

"பத்ரேஷ்பாய், சரிபார்க்கிற மிச்ச எரிப்பையும் இனிமே வர்ற இவங்க சரக்கையும் வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க. சொந்தக்காரங்க சரக்கை நான் தொடக் கூடாது. விதி இருக்கில்ல?"

சௌமில் சுவரிலிருந்து விருட்டென்று திரும்பினான். "சொந்தக்காரங்களா? யாரு... யாருக்கு யாரு?"

"இன்னும் ஆகலை," என்றாள் கிருபாலி. அவனைப் பார்க்காமல் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள், ஆனால் சிரிப்பு காது வரைக்கும் வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை உங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வாங்க. எங்கப்பா மதியம் ரெண்டு மணிக்குத் தூங்கிடுவார்... அதுக்கு முன்னாடி வாங்க."