ஒரு தட்டுக்கு இரண்டு

பதில் மணி தாமதமாக வந்தது.

எப்போதும் அவள் சைக்கிள் மணியை ஒரு தடவை அடித்தால், பின்னால் வரும் கணவர் உடனே இரண்டு தடவை அடித்துவிடுவார். பாய்மரப் படகில் வந்த பழக்கம் அது. இரவில் ஒருவர் சுக்கான் பிடிக்க, மற்றவர் கீழே அறையில் தூங்குவார். முழிப்பு வந்தால் கூரையில் ஒரு தட்டு. மேலேயிருந்து இரண்டு தட்டு கேட்டால் ஆள் கடலில் விழவில்லை, பத்திரமாக இருக்கிறார் என்று அர்த்தம். அந்த இரண்டு தட்டை நம்பித்தான் அவள் நடுக்கடலில் கண்ணை மூடுகிறாள். இந்தச் சுற்றுலாத் தீவில் வாடகை சைக்கிள் எடுத்ததும் அதையே மணியாக்கிக்கொண்டார்கள்.

"தொப்பையத் தூக்கிக்கிட்டு மேடு ஏற முடியலையாக்கும்!" என்று திரும்பாமலே கத்தினாள்.

பதில் இல்லை. சீசன் முடிந்துபோன தீவு. ஐஸ்கிரீம் கடைக்கும் நீச்சலுடைக் கடைக்கும் ஷட்டர் இறங்கியிருக்க, அழுகிய கடற்பாசி வாடை காற்றோடு வந்து மூக்கில் ஒட்டிக்கொள்ள, மடக்கி வைத்த கடற்கரைக் குடைகளின் நிழல் சாய்ந்த வெயிலில் சாலைக்குக் குறுக்கே நீண்டு கிடந்தது. வேறொரு நாளாக இருந்தால் பயந்திருப்பாள். கடலிலேயே கிடந்து கிடந்து மனசு மரத்துப் போயிருந்தது.

மறுபடி அடித்தாள். எங்கோ தொலைவில், மெல்ல, இரண்டு மணி.

சரி, ஆடி அசைந்து வரட்டும் என்று இறக்கத்தில் சைக்கிளை விட்டாள்.

படகுத்துறையில் சைக்கிள் கடைக்காரர் பூட்டிக்கொண்டிருந்தார். "சார் அப்பவே வந்துட்டாரும்மா. டயர் பஞ்சராம், சைக்கிள மேட்டுலயே போட்டுட்டாராம்."

"அப்பவேன்னா?"

"நீங்க கிளம்பின கொஞ்ச நேரத்துலயே."

அவர்கள் கரைக்கு வந்த துடுப்புப் படகில் கணவர் உட்கார்ந்திருந்தார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதே பாசி வாடை.

"என்னங்க, மணி அடிச்சது நீங்கதானே?"

"எந்த மணி?"

ஈரக்குலை நடுங்கியிருக்க வேண்டும். நடுங்கவில்லை. நெடுநேரம் மடக்கி வைத்த கால் போல உடம்பு முழுக்க உணர்வற்றுக் கிடந்தது. ஏறி உட்கார்ந்தாள்.

கரையை விட்டுத் தள்ளி நின்ற பாய்மரப் படகுக்கு வந்ததும் அவர் நங்கூரத்தை இழுத்தார்.

"ராத்திரி இங்க தங்கலாம்னுதானே சொன்னீங்க?"

அவர் சிரித்தார். அவள் கீழே போய்ப் படுத்தாள். மேலே பாய் விரியும் சத்தம். பலகையில் ஈரக் காலடி. போனது. வந்தது.

பழக்கதோஷத்தில் கை தானாக எழுந்தது. கூரையில் ஒரு தட்டு.

காலடி நின்றது.

பதில் இல்லை.

இன்னொரு தட்டு.

இல்லை.

அப்புறம் கேட்டது. கரையிலிருந்து. காற்றைக் கிழித்துக்கொண்டு.

இரண்டு மணி.

எழுந்து கத்தவேண்டும், குதிக்கவேண்டும், நீந்தவேண்டும். விரல்கூட அசையவில்லை.

அறையின் மேல்வாசலில் அந்த முகம் குனிந்தது. முடியிலிருந்து ஒரு சொட்டு அவள் கன்னத்தில் விழுந்தது.

"யாருக்குத் தட்டுற?"

அதன் தலைக்கு மேலே பாய் காற்றில் புடைத்திருந்தது. கரை விலகிக்கொண்டிருந்தது.

இரண்டு மணி. மறுபடி இரண்டு. மறுபடி இரண்டு.