பூமாலையின் கம்ப்ரஷன் கேஜ்

விஜயதசமி. காலை ஏழரை மணி. திண்டிவனம் செஞ்சி ரோட்டில், பூமாலையின் மெக்கானிக் ஷெட்டில், கம்ப்ரஷன் கேஜைக் காணவில்லை.

ஷட்டரில் பூட்டு தொங்கியபடியே இருந்தது. உள்ளே முதல் நாள் ஆயுத பூஜைக்கு வைத்த சாமான்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. கேஜ் வைக்கும் சிவப்புத் தகரப் பெட்டியும் இருந்தது. புது வேலையை அதில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று ஆசை ஆசையாக மூடியைத் திறந்தான் பூமாலை. பெட்டி காலி.

அந்த ஒரு கருவிக்காக அவன் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். விழுப்புரத்தில் ராஜாங்கம் மேஸ்திரியிடம் தொழில் கற்றுக்கொண்டு, திண்டிவனத்தில் சொந்த ஷெட் போட்டு ஒரு வருஷம்தான் ஆகிறது. 1986இல் நம் ஊர் மெக்கானிக்குகளுக்குக் காதுதான் கருவி. சத்தத்தைக் கேட்பார்கள், புகையைப் பார்ப்பார்கள், "என்ஜினை இறக்கிடலாம்" என்பார்கள். பூமாலைக்கு அது பிடிக்கவில்லை. முதலில் வாங்க வேண்டியது டைமிங் லைட்டா, கம்ப்ரஷன் கேஜா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டான். பாண்டிச்சேரிக் கடைக்காரரைக் கேட்டான், லாரி டிரைவர்களைக் கேட்டான், மெட்ராஸுக்கே போய்க் கேட்டான். லைட் இருந்தால் ஓடுகிற வண்டி இன்னும் நன்றாக ஓடும். கேஜை பிளக் ஓட்டையில் வைத்து என்ஜினைச் சுற்றினால், முள் ஏறுவதை வைத்தே என்ஜினைத் திறக்க வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துவிடும். கடைசியில் கேஜ்தான் என்று முடிவெடுத்து, கைக்காசையெல்லாம் அதில் கொட்டினான்.

எட்டரை மணிக்கு ஸ்டேஷனில் இருந்தான்.

"யார் மேல சந்தேகம்?" என்றார் சப் இன்ஸ்பெக்டர் ராயப்பன்.

"பூட்டு உடையலைங்க சார். அது எங்க மேஸ்திரி குடுத்த பூட்டு. ரெண்டு சாவி. ஒண்ணு என் இடுப்புல கீது. இன்னொண்ணு தொலைஞ்சிபோச்சின்னு சொன்னாரு."

"யாரு மேஸ்திரி?"

"விழுப்புரம் ராஜாங்கம். நேத்து பூஜைக்கு வந்திருந்தாரு. கேஜைப் பத்திப் பேச்சு வந்தப்ப, 'இத்த வெச்சிக்கினு தொழில் பண்ணா பட்டினிதான்'னு சொன்னாரு. அவருதான் சார்."

பூமாலை சொல்லியேவிட்டான். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பிளக்கைக் கையில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர், கல்யாணத்தை முன்னால் நின்று நடத்திவைத்தவர், அவர் பேரைச் சொல்ல இவனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பத்து மணிக்கு விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்தில், ராஜாங்கம் ஷெட் முன்னால் ஜீப் நின்றது. ராஜாங்கம் அப்போதுதான் சூடம் காட்டி அன்றைய முதல் வண்டியில் கை வைத்திருந்தார். வாடிக்கைக்காரர்கள் நின்றிருந்தார்கள், எதிர் டீக்கடை நிறைய ஆள். "கேஜ் திருட்டு கேஸ், ஏறுய்யா" என்று கான்ஸ்டபிள் சொன்னது அத்தனை பேர் காதிலும் விழுந்தது. அறுபது வயது மனிதர் கிரீஸ் கையோடு ஜீப்பில் ஏறினார்.

அவர் ஷெட்டில் தேடியும் கேஜ் கிடைக்கவில்லை. ராயப்பனுக்கு அப்போதே உறுத்தியது. மதியம் பன்னிரண்டரைக்கு அவரே பூமாலையின் ஷெட்டுக்கு வந்தார்.

ராயப்பன் முகையூர்க்காரர், கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசை தெரிந்த அளவுக்கு ஆயுத பூஜை தெரியாது. அதனால் மற்றவர்கள் பார்த்துப் பழகிப்போன பூஜைப் பலகையை அவர் நின்று நிதானமாகப் பார்த்தார். ஸ்பேனர் ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். சுத்தியலில், ஜாக்கியில், வைஸில். சாக்கெட் பெட்டியைத் திறந்து வைத்து, உள்ளே இருந்த ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனித்தனியாகப் பொட்டு. கண்ணாடி போட்ட பழைய ஆம்ப் மீட்டரின் விளிம்பிலும் ஒன்று. சிவப்புத் தகரப் பெட்டிக்கு மட்டும் பொட்டு மூடி மேல் இருந்தது. பெட்டியைத் திறந்தார். மூடியின் உள்பக்கம் வெள்ளைத் துணி ஒட்டியிருந்தது. கேஜ் இறுக்கமாக உட்காருவதற்கு அளவாகக் குழி. துணி சலவைக்குப் போய்வந்த வேட்டி மாதிரி இருந்தது.

"கேஜைக் கடைசியா எப்ப பார்த்த?"

"நேத்து பூஜைல சார்."

"கேஜைப் பார்த்தியா, பெட்டியைப் பார்த்தியா?"

பூமாலை யோசித்தான். "பெட்டிதான் சார். பூஜைல வெச்ச சாமானை மறுநாள் வரைக்கும் தொடக்கூடாதுங்க. கேஜைக் கையால தொட்டது நேத்து காலைலதான்."

"பலகையில எல்லாத்தையும் வெச்சது யாரு?"

"என் சம்சாரம் சின்னபொண்ணு. நான் பூவும் பூசணிக்காயும் வாங்க மார்க்கெட் போயிருந்தேன். வர்றதுக்குள்ள எல்லாம் முடிச்சி வெச்சிருந்துது."

"மேஸ்திரி எப்ப வந்தாரு?"

"நான் வந்ததுக்கு அப்புறம். சூடம் காட்டறப்போ."

அடுத்து, நாலு கடை தள்ளி லேத் பட்டறை வைத்திருக்கும் ராஜாமணி. என்ஜினை இறக்கினால் சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் போரிங் வேலை இவரிடம்தான் வரும்.

"நேத்து பூஜைக்குப் போனீங்களா?"

"பொரி வாங்கிக்கினு உடனே வந்துட்டேன் சார்."

"கேஜ் போனதுல உங்களுக்குச் சந்தோஷம்தானே?"

"பொய் சொல்லமாட்டேன். அது வந்ததுல இருந்து பூமாலை எவன் என்ஜினையும் இறக்கறதில்ல. முள்ளு ஏறுது, என்ஜின் நல்லா கீது, போயிட்டு வாங்கன்னு பிளக்கைத் துடைச்சி அனுப்பிச்சிடறான். எனக்கும் வேலை இல்ல, அவனுக்கும் வேலை இல்ல. அதுக்காகத் திருடுவனா? அந்தப் பெட்டிகிட்டகூட நான் போகல சார். பூமாலையே எதிர்லதான் நின்னுக்கினு இருந்தான்."

ஒன்றரை மணிக்கு ஸ்டேஷன் பெஞ்சில் ராஜாங்கம். டீ வாங்கி வைத்திருந்தார்கள். ஆடை கட்டிக் கிடந்தது.

"பட்டினிதான்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"ஏன்?"

"அவன் ஊட்டுக்குப் பின்னாடி கை கழுவப் போனேன். அடுப்பு எரிஞ்ச மாதிரியே தெரியல. பூஜை நாளு சார். அத்தப் பார்த்துட்டுத்தான் சொன்னேன். அவனுக்கு அது வேற மாதிரி கேட்டிருக்குது."

"இன்னொரு சாவி?"

"தொலைஞ்சிபோச்சின்னு சொன்னா தொலைஞ்சிதான் போச்சி."

ராயப்பன் அவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மறுபடி ஷெட்டுக்கே போனார். ஷெட்டுக்குப் பின்னால் ஓர் அறையும் சமையல்கட்டும், அதுதான் பூமாலையின் வீடு. சின்னபொண்ணு கதவோரம் நின்றாள். கெடார் பக்கத்துப் பெண், முப்பது வயதுகூட இருக்காது, கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்.

"பூஜைக்குப் பொட்டு வெச்சது நீதானேம்மா?"

"ஆமாங்க ஐயா."

"எல்லாத்துக்கும்?"

"ஒண்ணு வுடாம வெச்சேங்க."

"கேஜுக்கும்?"

"வெச்சேங்க."

"எங்க வெச்ச?"

"கண்ணாடிக்கு மேல, பித்தளை விளிம்புல." அவள் யோசிக்காமல் சொன்னாள். பொய் சொல்கிறவளுக்கு வரக்கூடிய குரல் இல்லை அது.

"அப்புறம் பெட்டியில வெச்சி மூடிட்டியா?"

இந்த இடத்தில் அவள் நிறுத்தினாள். "ஆமாங்க" என்று கொஞ்சம் தாமதமாகச் சொன்னாள்.

ராயப்பன் தகரப் பெட்டியை எடுத்துவரச் சொல்லி எல்லோர் முன்னாலும் திறந்தார்.

"பூமாலை, நீ கேஜை உன் ஷெட்டுல தேடின, மேஸ்திரி ஷெட்டுல தேட வெச்ச. இந்தத் துணியைப் பார்க்கல. இந்தக் குழியில கேஜை வெச்சி மூடினா கண்ணாடி மேல இருக்கற விளிம்பு இந்தத் துணியில அழுந்தும். ஈரச் சந்தனத்தோட வெச்சிருந்தா மஞ்சளா ஒட்டியிருக்கணும். ஒரு புள்ளிகூட இல்ல. உன் சம்சாரம் கேஜுக்குப் பொட்டு வெச்சது நிஜம். ஆனா பொட்டு வெச்ச கேஜ் திரும்பப் பெட்டிக்குள்ள போகல."

மூடியைத் திருப்பி, மேலே இருந்த பொட்டைக் காட்டினார் ராயப்பன்.

"சாக்கெட் பெட்டியைத் திறந்து ஒவ்வொண்ணுக்கா பொட்டு வெச்சவங்க, இருக்கறதுலயே உசத்தியான சாமானை மூடி வெச்சி, மூடிமேல பொட்டு வெப்பாங்களா? உள்ள ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சவங்கதான் மூடி வெப்பாங்க. பூஜைச் சாமானை யாரும் தொடமாட்டாங்க, மறுநாள் வரைக்கும் திறக்கமாட்டாங்க. மேஸ்திரி உள்ள கால் வெக்கும்போதே பெட்டி காலி. ராத்திரி பூட்டைத் திறக்க எவனுக்கும் அவசியமில்ல."

பூமாலை மனைவியைப் பார்த்தான். ராயப்பன் சமையல்கட்டுக்குள் குனிந்து நுழைந்தார். அதிக நேரம் தேடவில்லை. கேப்பை கொட்டி வைக்கும் பெரிய பானையின் மூடியைத் தூக்கினார். பழைய சேலைக் கிழிசலில் சுற்றி அடியில் கிடந்தது கேஜ். வேறெதையும் ஒதுக்கிவிட்டு எடுக்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. பானையில் ஒரு பிடி கேப்பைகூட இல்லை. துணியைப் பிரித்தார். பித்தளை விளிம்பில் காய்ந்த சந்தனமும், நடுவில் குங்குமமும் இருந்தன.

"பொட்டு வெக்காம ஒளிச்சி வெக்க மனசு வரலைங்க" என்றாள் சின்னபொண்ணு.

பூமாலை கையை ஓங்கினான். "கையை இறக்கு" என்றார் ராயப்பன். இறக்கினான்.

"ஏன்டி?"

"எத்த வாங்கறதுன்னு ஊரெல்லாம் கேட்டியே, என்னைக் கேட்டியா?" அவள் முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தாள். "அது வந்ததுல இருந்து வர்றவனையெல்லாம் என்ஜின் நல்லா கீதுன்னு திருப்பி அனுப்பற. எதிர் ஷெட்டுக்காரன் இறக்கறான், ஏத்தறான், புள்ளைங்களுக்குப் புதுத்துணி எடுக்கறான். நம்ம புள்ளைங்க பூஜைப் பொரியத் தின்னுட்டுத் தூங்குச்சி. அது இல்லன்னா நீயும் மத்தவங்க மாதிரி வேலை செய்வன்னு பார்த்தேன்."

"மேஸ்திரியை ஜீப்ல ஏத்தினாங்களே. அப்பகூட வாயத் திறக்கலையே நீ."

"திருடன் எவனோ பூந்துட்டான்னு நெனச்சி வுட்டுடுவன்னு இருந்தேன். நீ மேஸ்திரி ஐயா பேரைச் சொல்லுவன்னு கனவுலயும் நெனக்கல. சொன்னதுக்கு அப்புறம் எனக்கு நாக்கே எழும்பல." அவள் ராஜாங்கத்தின் காலில் விழுந்தாள்.

"எழுந்திரும்மா" என்றார் ராஜாங்கம்.

பூமாலை புகாரை வாபஸ் வாங்குவதாகச் சொன்னான். தன் வீட்டில் தன் பெண்டாட்டி எடுத்து வைத்ததில் என்ன கேஸ் போட முடியும். ராயப்பன் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"மேஸ்திரி, ஜீப்லயே வாங்க. ஜங்ஷன்ல அத்தனை பேர் எதிர்லயும் நான் இறங்கிச் சொல்றேன், நீங்க எடுக்கலன்னு."

"நானும் வர்றேன் மேஸ்திரி" என்றான் பூமாலை. "எல்லார் எதிர்லயும் உங்க கால்ல விழறேன்."

ராஜாங்கம் இருவரையும் பார்த்தார். "எடுக்கலன்னு சொன்னா வுட்டுடுவானுங்களா? அப்ப யாரு எடுத்ததுன்னு கேப்பானுங்க. இன்னா சொல்லுவ?"

பூமாலை சின்னபொண்ணைத் திரும்பிப் பார்த்தான்.

"ஊட்டுக்காரின்னு சொல்லுவியா? அப்புறம் இந்தப் பொண்ணு தெருவுல நடக்க முடியுமா? ரெண்டு புள்ளைங்களை வெச்சிக்கினு எங்க போவும்? உன்னால ஒருத்தன் பேரு கெட்டது போதும்." வேட்டியைத் தட்டிக் கட்டினார். "சார், எங்க கெடைச்சுதுன்னு யார் கேட்டாலும் சொல்லாதீங்க. நான் பஸ்லயே போய்க்கிறேன்."

"மேஸ்திரி, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க" என்றான் பூமாலை.

"அது பசியில பண்ணிச்சி. நீ இன்னாத்துக்குடா என் பேரைச் சொன்ன?"

அவர் ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். பூமாலை பின்னாலேயே கொஞ்ச தூரம் போனான். அவர் திரும்பவே இல்லை, விழுப்புரம் பஸ் வந்ததும் ஏறிக்கொண்டார்.

ராஜாங்கம் கேட்டுக்கொண்டபடியே ராயப்பன் யாரிடமும் மூச்சு விடவில்லை. அதனால் வருஷங்கள் கழித்தும், விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கி ராஜாங்கம் ஷெட் எங்கே என்று யாராவது கேட்டால், டீக்கடைக்காரன் கையை நீட்டி, "கேஜ் திருடினாரே, அவருதானே? அப்படியே நேராப் போங்க" என்று வழி சொன்னான்.