ஓடை இரண்டு முறைதான் பேசும்

இந்தக் காலத்து ஆட்களுக்கு வாய் எதற்கு இருக்கிறது என்றே முத்துக்கருப்பனுக்கு விளங்கவில்லை. பத்தடி தள்ளி நிற்கிறவனிடம் பேசுவதற்கும் கையில் ஒரு கருவி வேண்டியிருக்கிறது. புல்லுக்குத் தீ வைக்கப் போகிறோம் என்றால் ஒரு தாள், வைத்துவிட்டோம் என்றால் ஒரு தாள், அணைந்துவிட்டது என்றால் போட்டோ. கண்ணால் கண்டதைவிடத் தாளில் எழுதியதைத்தான் நம்புகிறான்கள். எழுதத் தெரிந்தவன் பொய் எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

மயிலாடும்பாறைக்கு மேலே அந்த மலைச்சரிவில் கரண்டு டவர் லைன் வேலை தொடங்கி இரண்டு வருடமாயிற்று. கம்பி இழுக்கும் மெஷின் கக்கும் ஒரு பொறி போதும், ஆளுயரம் காய்ந்து நிற்கும் சுக்குநாறிப்புல் மலையையே கொளுத்திவிடும். அதனால் கம்பி இழுப்பதற்கு முன்பே லைனின் இரண்டு பக்கமும் வண்டிப்பாதை அகலத்துக்குப் புல்லை எரித்துக் கரிக்கோடு போட்டுவிட வேண்டும். அதுதான் முத்துக்கருப்பனின் வேலை. ஐம்பது வருடம் அதே சரிவில் ஆடு மேய்த்தவர், கோடைதோறும் இளம்புல் முளைப்பதற்காகத் தீ வைத்தவர். அவரைவிட அந்தத் தீயை அறிந்தவர் யாருமில்லை என்றுதான் சூப்பர்வைசர் விஜய்ராஜ் அவரைப் பிடித்து வந்தான்.

"தாத்தா, கோடு போடுற இடத்தை இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் நடந்து பாக்கணும். ஆளை எண்ணணும். அப்புறம்தான் கைநாட்டு" என்று தினமும் காலையில் சொல்வான்.

"சரிங்க சார்" என்று சொல்லி, அப்போதே பெருவிரலை உருட்டி வைத்துவிடுவார். செங்குத்தான அந்தச் சரிவில் ஏறி இறங்க முழங்காலில் தெம்பில்லை. அதற்குத்தான் கூவல் இருக்கிறதே. சரிவின் நடுவே இறங்கும் வறண்ட ஓடையின் அடிவாரத்தில் நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, "ஏலேய்... தீ வைக்கப் போறேன்... யாராச்சும் இருக்கீகளா?" என்று மூன்று முறை கூவ வேண்டும். ஒவ்வொரு கூவலையும் பக்கத்துப் பாறை ஒரு முறை திருப்பிச் சொல்லும், தூரத்துப் பாறை ஒரு முறை சொல்லும். ஓடை பேசுவது அந்த இரண்டோடு சரி. மூன்றாவதாக ஏதாவது கேட்டால் அது ஆள். தீக்குச்சியை உரசக் கூடாது. ஆடு மேய்க்கிறவர்கள் தாளில்லாமலே காத்து வந்த சட்டம் அது.

போன பங்குனியில் அம்மாவாசி அந்த ஓடையில்தான் வெந்து செத்தான். புதர் வெட்டுகிறவன். சாப்பிட்டுவிட்டு நடுச்சரிவில் இச்சிமரத்தடியில் கண்ணயர்ந்திருக்கிறான். விசாரிக்க வந்தவர்களிடம் முத்துக்கருப்பன் ஒன்றைத்தான் சொன்னார். "கூவினேன். ஓடை பேசுச்சு. ஆள் பேசலை." தாளில் கைநாட்டும் இருந்தது. விட்டுவிட்டார்கள்.

அன்றைக்கு ஓடை மூன்று முறை பேசியது. அதை அவர் எவரிடமும் சொன்னதில்லை. காற்று எதையாவது செய்யும். அப்படித்தான் அவர் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மாவாசியின் பெண்டாட்டி பாண்டீஸ்வரிக்குக் கேம்பில் சமையல் வேலை கொடுத்தார்கள். மத்தியானம் தூக்குவாளியில் கம்மங்கஞ்சி கொண்டு வந்து அவர் முன்னால் வைப்பாள். வைத்துவிட்டு, ஒரு நாள் தவறாமல் கேட்பாள்.

"அன்னிக்கு அவுக பதில் சொன்னாகளாண்ணே?"

"இல்லை ஆத்தா."

"ஓடை எத்தனை தடவை பேசுச்சு?"

"ரெண்டு."

நேற்று அவள் எழுந்து போகாமல் அங்கேயே நின்றாள். "தூங்குனா ஊசி விழுந்தாக்கூட முழிச்சுக்கிற மனுசன்ணே அவுக. நானே ஒரு நா அந்த இச்சிமரத்துக்கிட்டப் போயி நிக்கணும். நீங்க கூவுறது அங்கன கேக்குதா, அங்கன இருந்து பேசுனா உங்களுக்குக் கேக்குதானு பாக்கணும்."

"பாத்து? செத்தவன் எந்திரிச்சு வரப்போறானாக்கும்?"

அவள் சரிவை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனாள்.

இன்றைக்குக் கஞ்சியை ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தூக்குவாளியைக் கையிலேயே எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எதையும் கேட்கவில்லை.

ஒரு வருடமாகக் கேட்ட கேள்வி. அது வராமல் போனது, செருப்புக்குள் கிடக்கும் சிறுகல்லைப் போல அவரை உறுத்தியது. அவள் போன பாதையை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கேம்புக்குத்தான் போயிருப்பாள். வேறெங்கே போவாள்?

மணி இரண்டு. சட்டப்படி பனி உலராத காலையிலேயே வைத்திருக்க வேண்டிய தீ, தண்ணீர் டேங்கர் வரத் தாமதமாகி இந்நேரம்வரை தள்ளிப்போயிருந்தது. வெயில் பாறையில் பட்டு எண்ணெய் போலப் பளபளக்க, புல்லின் காரமான எலுமிச்சை வாசம் சூட்டில் கனத்து மூக்கின் அடியில் வந்து நிற்க, மேலே கம்பி ஏறாத டவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கையை விரித்தபடி மலையைத் தாண்டிப் போயின. குருவிச் சத்தம் இல்லை. வெட்டுக்கிளிச் சத்தம்கூட இல்லை. இடுப்பில் இருந்த வாக்கிடாக்கி கரகரத்தது.

"தாத்தா, கோடு போடுற இடத்தை நடந்து பாத்தாச்சா?" மேல் டவரில் டேங்கரோடு நின்ற விஜய்ராஜ்.

"பாத்தாச்சு சார்."

கையைக் குவித்துக் கூவினார்.

பக்கத்துப் பாறை பேசியது. தூரத்துப் பாறை பேசியது. அவர் கை சட்டைப்பையில் இருந்த தீப்பெட்டியைத் தடவியது.

"இருக்கேன்ணே."

விரல் நின்றது. தூக்கம் கலையாத குரல். அம்மாவாசி அப்படித்தான் இழுத்துப் பேசுவான். போன பங்குனியில் கேட்டதும் இதே குரல்தான்.

"காத்து" என்றார் வாய்விட்டு. புல் ஒன்றுகூட அசையவில்லை.

மறுபடி கூவினார். ஒரு பாறை. இரண்டு பாறை. பிறகு அந்த ஆண்குரல். அதை ஒட்டி, அதே திசையிலிருந்து, தெளிவாக, ஒரு பெண்குரல்.

"இருக்கேன்ணே! கேக்குதாண்ணே?"

அவள் கேம்பில் இருக்கிறாள். கேம்பில்தான். இந்நேரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். மலை தன்னை வைத்து விளையாடுகிறது. மூன்றாவது கூவலுக்கு அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அவர் கூவாமலே பாறைகள் பேசின. "யாராச்சும் இருக்கீகளா?" அவருடைய குரல்தான். போன வருடத்துக் குரல். "யாராச்சும் இருக்கீகளா?"

"இருக்கேன்ணே."

"இருக்கேன்ணே."

"வாயை மூடுங்கலே!" என்று கத்தினார்.

கூவி முடித்ததும் வண்டிப்பாதை வழியே சுற்றிப் போய், தீயை எப்போதும் மேல்முனையில்தான் வைக்க வேண்டும். அது சரிவில் இறங்கத் தயங்கித் தயங்கி வரும், ஆள் ஒதுங்க அவகாசம் இருக்கும். கீழே வைத்தால் ஒரே மூச்சில் ஏறிவிடும். அது அவருக்குத் தெரியும். ஒரே மூச்சுதான் அப்போது அவருக்கு வேண்டியிருந்தது. குனிந்து, கால்மாட்டில் இருந்த புல்லில் குச்சியை உரசி வைத்தார்.

தீ ஏறவில்லை. பாய்ந்தது. புல்லின் எண்ணெய் வெடித்துச் சிதற, முழுச் சரிவும் ஒரு மிருகம் எழுந்து நிற்பதைப் போல நிமிர்ந்து உறுமியது. அந்த உறுமலுக்குள் ஒரு அலறல். பிறகு வேறொன்று. இச்சிமரம் ஒரு கணம் கறுப்பாகத் தெரிந்தது. பிறகு வெள்ளையாக. பிறகு இல்லை.

தீயைக் கிழித்துக்கொண்டு ஒன்று அவரை நோக்கி ஓடி வந்தது.

அதற்கு முடி இல்லை. சேலை உருகித் தோலோடு ஒட்டியிருந்தது. முதுகில் தீ நின்று எரிந்தது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. நீட்டிய இரண்டு கையும் அவர் சட்டையைப் பற்றின. பற்றிய இடத்தில் சட்டை புகைந்தது.

தீ வைத்ததும் எடுத்த, தீயடிக்கும் பச்சைக்கொப்பு அவர் கையில் இருந்தது. அடித்தார். தீயை எப்படி அடிப்பாரோ அப்படி. ஓங்கி. முதுகில். தோளில். தலையில். இலைகள் சிதறின, குச்சி மிஞ்சியது. குச்சியால் அடித்தார். தீ அணைந்த பிறகும் அடித்தார். அது முழங்காலில் விழுந்தது. இன்னும் ஏதோ சொல்ல வந்தது. அடித்தார். கை விட்டது. மண்ணில் முகம் புதைந்தது. அசையவில்லை.

கருகிய கையில் ஒரு தூக்குவாளி மாட்டியிருந்தது. அதன் மூடியில் கஞ்சி கொதித்துக் காய்ந்திருந்தது.

வாக்கி அலறியது. "தாத்தா! பாண்டீஸ்வரி அக்காவக் காணோம்! கேம்புல இல்லையாம்! இன்னொரு தடவை கூவிப் பாருங்க! தாத்தா, கேக்குதா?"

முத்துக்கருப்பன் பித்தானை அமுக்கினார். "கூவிட்டேன் சார். ஆள் பேசலை."

ஆனாலும் கூவினார். "யாராச்சும் இருக்கீகளா?"

பக்கத்துப் பாறை. தூரத்துப் பாறை. அவ்வளவுதான். தீ மேலே போய்விட்டது. சரிவு கரியாகப் புகைந்து கிடந்தது. எண்ணினார். இரண்டு. இரண்டுதான். நெஞ்சில் காற்று இறங்கியது. காலடியில் பார்த்தார்.

மண்ணில் கிடந்த உருவம் அங்கே இல்லை. ஆள் அளவுக்கு ஈரமான ஒரு பள்ளம் மட்டும்.

"இருக்கோம்ணே."

கரிச்சரிவின் நடுவில், நிழலே இல்லாத வெயிலில், இரண்டு பேர் நின்றார்கள். ஒன்று பழைய கரி, ஓரங்கள் உதிர்ந்தது. ஒன்று புதியது, இன்னும் புகைவது. புதியதன் கையில் தூக்குவாளி மின்னியது. இரண்டும் கையை வாயருகே குவித்திருந்தன, அவர் குவிப்பதைப் போலவே.

முத்துக்கருப்பன் காறித் துப்பினார். "பாறைதான்" என்றார். குச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிப்பாதையில் இறங்கி நடந்தார். சட்டை மார்பில் இரண்டு உள்ளங்கை அளவுக்குக் கருகியிருந்தது. தீயென்றால் பொறி படத்தான் செய்யும். பின்னால் எரிந்த புல்தட்டைகள் நொறுங்கும் சத்தம் கேட்டது. நாலு காலின் சத்தம். அவர் நின்றால் நின்றது. நடந்தால் நடந்தது.

"பாறைதான்" என்று மறுபடியும் சொல்லிவிட்டு, திரும்பாமல் நடந்தார்.